ஏடும் நூலும்: நிழற்படம் விற்கப் புறப்பட்ட இளைஞர்க்கு ஒரு சொல்

எம்மிடம் தமிழ் பயின்று, இன்று நிழற்படக் கலையைத் தொழிலாகக் கொண்டு வாழும் பழைய மாணவரொருவர் சென்ற விடுமுறையில் எம் இல்லத்திற்கு வந்தார். தாம் எடுத்த படங்களுட் பன்னிரண்டைத் தெரிந்து எம்முன் வைத்து, “ஐயா, இவற்றை என்.எவ்.ரி. ஆக்கி உலகச் சந்தையில் விற்க எண்ணியுள்ளேன். ஒவ்வொன்றிற்கும் நல்ல தமிழ்ப் பெயர் இட்டுத் தாருங்கள்” என்றார். பெயரிடுமுன் பொருளறிதல் வேண்டுமன்றோ? அறிந்தவற்றையும், அவற்றால் நாம் கொண்ட கருத்தையும் இம்மலர் வாயிலாக மாணவருலகிற்கு உரைக்க விழைகின்றோம்.

என்.எவ்.ரி. என்பது படமன்று; ஒரு பதிவு. புளொக்செயின் எனப்படும் பொதுப் பேரேடு உலகெங்குமுள்ள பல கணினிகளில் ஒருங்கே எழுதப்பட்டிருப்பது. அதில் ஒருமுறை எழுதியதை அழித்தல் மிக அரிது. ‘இன்ன படத்திற்குரிய அடையாளம் இன்னாரிடம் உளது’ என அதிற் பொறிப்பதே இம்முறையாகும். படமோ பெரும்பாலும் வேறோரிடத்தில் இருக்கும். பேரேட்டில் இருப்பது அதன் முகவரியே. வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்துப் பதிப்புரிமை படமெடுத்தவரிடமே நிற்கும். தமிழ் கற்றார்க்கு இது விளங்காத நுட்பமன்று. திருக்குறள் எழுதிய ஏட்டுச்சுவடியொன்றை விலை கொடுத்து வாங்கியவர் ஏட்டுக்கு உடையவராவர், குறளுக்கு உடையவராகார். ஏடு வேறு, நூல் வேறு.

இச்சந்தையின் புகழ் 2021ஆம் ஆண்டிலே உச்சமுற்றது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில், பீப்பிள் என்னும் அமெரிக்கக் கலைஞரின் படைப்பொன்று கிறிஸ்ரீஸ் ஏல நிலையத்தில் 6 கோடியே 93 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அதனை வாங்கியவர் சிங்கப்பூரில் வாழ்ந்த விக்னேஷ் சுந்தரேசன் என்னும் தமிழரே. நிழற்படக் கலைஞருள் ஜஸ்ரின் அவர்சானோ என்பார், பிறவாமுன் மறைந்த தம் இரட்டைப் பிறப்பின் நினைவாக, 100 இரட்டையரைப் படமெடுத்து அவற்றை என்.எவ்.ரி. ஆக்கினார். அவற்றுள் ஒன்று அதே ஆண்டு ஒக்டோபரில் 11 இலட்சம் டொலரைக் கடந்தது. இக்கதைகளே எம் இளைஞரின் செவிக்கு முதலில் எட்டுவன.

மறுபக்கமும் உண்டு. ருவிற்றரின் முதற் செய்திக்குரிய அடையாளத்தை 29 இலட்சம் டொலர் கொடுத்து 2021இல் வாங்கியவர், அடுத்த ஆண்டு அதனை மீள விற்க முனைந்தபோது முதலில் வந்த கேள்விகள் சில நூறு டொலரையும் தாண்டவில்லை. ஓப்பன்சீ என்னும் சந்தை, தன் இலவசக் கருவியாற் பதியப்பட்டவற்றுள் 80 சதவீதத்திற்கு மேற்பட்டவை பிறர் படைப்பைத் திருடியவையும் போலிகளும் குப்பைகளுமே என 2022 ஜனவரியில் தானே ஒப்புக்கொண்டது. மறுவிற்பனைதோறும் படைத்தவருக்கு ஒரு பங்கு கிடைக்கும் என்பதே கலைஞரை ஈர்த்த பெரு நம்பிக்கை. அப்பங்கைக் கட்டாயமாக்குவதில்லை என அச்சந்தையே 2023இல் அறிவித்தது. இந்நாணயங்களைப் பற்றி இலங்கை மத்திய வங்கி 2022இல் பொதுமக்களை எச்சரித்ததும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இவற்றைக் கூறி மாணவரைத் தடுக்கவே நாம் முதலில் முற்பட்டோம். அவர் பொறுமையாகக் கேட்டபின், “ஐயா, திருமண வீடுகளிற் படமெடுத்தே என் வயிறு கழிகிறது. நானாக விரும்பி எடுத்த படத்தை இவ்வூரில் எவர் விலை கேட்கிறார்?” என்றார். எம்மிடம் அதற்கு மறுமொழி இல்லை. கலைஞனைச் சபையில் வாழ்த்தி, அவன் படைப்பை இனாமாகக் கேட்கும் வழக்கம் எம்மவரிடம் உண்டு. அவ்வழக்கத்தை விடாத நாம், அவன் வேறு சந்தை தேடுவதைக் குறைகூறுதல் நேர்மையன்று.

ஆயினும் ஒரு படம் எம்மை நிறுத்தியது. கடற்கரையிற் கருவாடு காயவிடும் முதிய அம்மையார் ஒருவரின் முகம் அது, பன்னிரண்டனுள்ளும் தலைசிறந்தது. “இவரைக் கேட்டீரோ?” என்றோம். “படமெடுக்கக் கேட்டேன், சிரித்தார்” என்றார். “விற்கக் கேட்டீரோ?” என்றோம். அவர் வாய் திறக்கவில்லை. மறுநாளே சென்று கேட்டார். “என்னை ஏன் தம்பி ஊருலகத்துக்கு விற்கிறாய்? எனக்கு ஒரு படம் கழுவித் தா, அது போதும்” என்றாராம் அம்மையார். சட்டம் படமெடுத்தவரின் உரிமையைப் பேசும். படத்தில் இருப்பவரின் மனத்தை நாமே பேசவேண்டும். அழிக்கவியலாத ஏட்டில் எழுதுவோர்க்கு இக்கடமை இருமடங்காகும்.

ஆகவே இத்துறையிற் கால்வைக்கும் இளைஞர்க்கு நாம் கூறுவது இது. விற்பது ஏடா, நூலா என்பதை வாங்குவோர்க்குத் தெளிவாக எழுதுக. படத்தில் உள்ளாரின் இசைவைப் பெறுக. மூலப் படங்களை உம்மிடமே காத்து வைக்க. கடன்பட்டுக் கட்டணம் செலுத்தற்க. மின்பணப்பையின் திறவுகோலாகப் பெரும்பாலும் பன்னிரண்டு சொற்கள் தரப்படும். அவற்றை இழந்தவருக்கு எவரும் மீட்டுத் தரார், பிறர்க்கு உரைத்தவருக்குப் பையில் எதுவும் எஞ்சாது. எல்லாவற்றிற்கும் மேலாக, நூறு படம் குவிப்பதிலும் ஒரு பொருளை ஆழ நோக்குக. அகல உழுவதிலும் ஆழ உழுதலே நன்று.

எஞ்சிய பதினொரு படங்களுக்கும் பெயரிட்டுக் கொடுத்தோம். வாங்குவோரே பதிவுக் கட்டணம் செலுத்தும் முறையில் அவர் அவற்றைச் சந்தையில் வைத்துள்ளார். இவ்வரிகளை எழுதும்வரை ஒன்றேனும் விலைபோகவில்லை. பன்னிரண்டாவது படமோ கடற்கரைக் குடிலொன்றின் சுவரிற் சட்டமிடப்பட்டுத் தொங்குகின்றது. பழைய மாணவர்காள்! நும் இல்லச் சுவர்களிலும் வெற்றிடம் உண்டு. எம் கல்லூரி ஈன்ற கலைஞரின் படமொன்றை உரிய விலை கொடுத்து வாங்கி அங்கே மாட்டுவீராயின், அவர்தம் முதற்சந்தை நம்மூரிலேயே அமையும்.