தாய் போட்ட அங்கி போதுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. தங்கச்சிமடத்தில் கோயில் மணி அடிக்கிறது. தாய் நல்ல புடவை கட்டி, தலையில் முக்காடு போட்டு, புறப்பட்டு விட்டாள். மகன் பாயில் புரண்டு படுக்கிறான்.

"ஏண்டா, பூசைக்கு வரலையா?"

"நீ போம்மா. நான் அப்புறம் வர்றேன்."

அந்த "அப்புறம்" வருவதே இல்லை. தாய்க்கு அது தெரியும். தெரிந்தும் வாரா வாரம் கேட்கிறாள்.

சில வருஷங்களுக்கு முன்பு இதே பையன் வெள்ளைச் சட்டை போட்டுக் கொண்டு கோயிலில் முன் வரிசையில் நின்றான். மேற்றிராணியார் அவன் நெற்றியில் தைலம் பூசினார். உறுதிபூசுதல் முடிந்தது. வீட்டில் விருந்து நடந்தது. "இனிமேல் இவன் பெரியவன்" என்று உறவினர் எல்லாரும் சொன்னார்கள்.

பெரியவன் ஆன பிறகுதான் கோயில் பக்கம் வருவது குறைந்தது! இது என்ன விந்தை?

பாம்பன், மண்டபம், தொண்டி என்று எந்தக் கரைக்குப் போனாலும், கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்தக் குறையைக் கேட்கலாம். "செல்போன் கெடுத்தது", "கூட்டாளிகள் கெடுத்தார்கள்" என்று பெரியவர்கள் காரணம் சொல்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் முழு உண்மை அது அல்ல. பத்து வயதில் தைத்த சட்டை பதினெட்டு வயதில் பிடிக்குமா? பையன் வளர்ந்து விட்டான். அவனுக்குக் கொடுத்த விசுவாசம் மட்டும் சின்னப் பிள்ளை அளவிலேயே இருக்கிறது.

முன்காலத்தில் உறுதிபூசுதலின்போது மேற்றிராணியார் பிள்ளையின் கன்னத்தில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டுவார். கஷ்டம் வந்தால் தாங்க வேண்டும் என்பதற்கு அது அடையாளம். 1971-ல் சடங்கை மாற்றி அமைத்தபோது அந்தத் தட்டு போய், சமாதான வாழ்த்து வந்தது. வயதானவர்களுக்கு இன்றும் அந்தத் தட்டு ஞாபகம் இருக்கும். தென்னிந்தியத் திருச்சபையார் இதையே "திடப்படுத்தல்" என்கிறார்கள். குழந்தைக்காக மற்றவர்கள் கொடுத்த வாக்கை, வளர்ந்த பிள்ளை தன் வாயாலேயே சபை முன் ஒப்புக் கொள்கிறது. எந்தப் பேரில் நடந்தாலும் விஷயம் ஒன்றுதான். இதுவரை பிறர் சுமந்தது, இனி நீ சுமப்பது.

லிஸ்பன் நகரத்துப் பையன்

இதற்கு ஒரு கதை உண்டு. வெளியூர்க் கதை போல ஆரம்பித்தாலும், முடிவது ராமநாதபுரம் சீமையில்தான்.

போர்ச்சுகல் நாட்டின் தலைநகரம் லிஸ்பன். அங்கே 1647-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி ஒரு பிரபு வீட்டில் ஒரு பையன் பிறந்தான். பெயர் ஜான். குழந்தையாக இருந்தபோதே தகப்பனார் இறந்து விட்டார். பையன் அரண்மனையில் இளவரசர் பெட்ரோவுக்குத் தோழனாக வளர்ந்தான்.

ஒரு சமயம் அவன் கடும் நோயில் விழுந்தான். வைத்தியர்கள் கை விரித்தார்கள். தாயார் புனித சவேரியாரிடம் நேர்ந்து கொண்டார். "என் மகன் பிழைத்தால், ஒரு வருஷம் சேசு சபைச் சாமியார்களின் அங்கியை அவனுக்குப் போட்டு விடுகிறேன்" என்பது நேர்த்திக்கடன். பையன் பிழைத்தான். பட்டு உடுத்திய பிள்ளைகளுக்கு நடுவே அவன் மட்டும் ஒரு வருஷம் கறுப்பு அங்கியோடு அரண்மனையில் நடமாடினான்.

வேளாங்கண்ணிக்கு மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக் கொள்ளும் நம் ஊர்த் தாய்க்கும் அந்தத் தாய்க்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை.

வருஷம் முடிந்தது. அங்கியைக் கழற்றி விட்டார்கள். கதை அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் 1662-ம் ஆண்டு டிசம்பரில், பதினைந்து வயது வாலிபனாக, அவனே சேசு சபையின் கதவைத் தட்டினான். அதே அங்கியைக் கேட்டு வாங்கிப் போட்டுக் கொண்டான்.

இனிமேல்தான் வேடிக்கை. குருப்பட்டம் பெற்றதும், "இந்தியாவுக்குப் போகிறேன்" என்றார் ஜான். தடுத்தது யார் தெரியுமா? அவருடைய தாயார்! அங்கி போட்டு விட்ட அதே தாயார். அழுது பார்த்தார். போப்பாண்டவரின் தூதர் வரை போய் முறையிட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. 1673-ல் மகன் கப்பல் ஏறி விட்டார்.

அந்தத் தாயைக் குறை சொல்ல வேண்டாம். பெற்ற வயிறு அப்படித்தான். பிள்ளை பக்தியாக இருக்க வேண்டும் என்று எல்லாப் பெற்றோரும் ஆசைப்படுகிறார்கள். அந்தப் பக்தி தங்கள் கையை விட்டுப் போய், பிள்ளையின் சொந்தச் சொத்தாகி விட்டால் மட்டும் பயப்படுகிறார்கள்.

அந்த ஜான்தான் தமிழ்நாட்டில் அருளானந்தர் ஆனார். காவி உடுத்தார். மாமிசம் தொடவில்லை. மறவர் சீமையில் கால்நடையாக ஊர் ஊராகச் சுற்றினார். 1686-ல் பிடிபட்டு, அடியும் சித்திரவதையும் பட்டார். கடைசியில் கிழவன் சேதுபதி அவரை விடுதலை செய்து, "என் சீமையில் இனிப் போதிக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டார். அருளானந்தர் ஐரோப்பாவுக்குப் போனார். பழைய விளையாட்டுத் தோழர் பெட்ரோ அப்போது அரசர். இங்கேயே இருந்து விடும் என்று எவ்வளவோ சொன்னார். இவரோ திரும்பவும் இங்கேயே வந்து சேர்ந்தார்.

தடியத்தேவரும் ஒரு பெண்ணும்

சேதுபதி குடும்பத்தைச் சேர்ந்தவர் தடியத்தேவர். நோயில் கிடந்து பிழைத்தவர். கிறிஸ்தவ ஜெபத்தால்தான் பிழைத்தேன் என்று நம்பினார், ஞானஸ்நானம் கேட்டார். அவருக்குப் பல மனைவியர். "ஒரே மனைவியோடு வாழச் சம்மதமா?" என்று அருளானந்தர் கேட்டார். தேவர் சம்மதித்தார். மூத்தவரை வைத்துக் கொண்டு மற்றவர்களை விலக்கினார். 1693 ஜனவரி 6-ந் தேதி ஞானஸ்நானம் நடந்தது.

விலக்கப்பட்டவர்களில் இளையவள், சேதுபதியின் உறவுப் பெண். அவள் நேரே அரசரிடம் போய் அழுதாள். இரண்டே நாளில் அருளானந்தர் கைதானார். பிப்ரவரி 4-ந் தேதி ஓரியூரில் அவரைச் சிரச்சேதம் செய்தார்கள். 1947-ல் போப்பாண்டவர் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்.

மேடையில் இந்தக் கதையை நாடகமாகப் போடும்போது அந்த இளைய மனைவியை வில்லியாகக் காட்டுவது சுலபம். அது நியாயமா? அவளை யாரும் சம்மதம் கேட்கவில்லை. கணவன் மனம் மாறினான். அவள் வாழ்வு தெருவுக்கு வந்தது. வேறொரு வீட்டுப் பெண்ணாக இருந்தால் அழுது ஓய்ந்திருப்பாள். அரசர் வீட்டுப் பெண்ணானதால் அவள் அழுகைக்கு வாள் கிடைத்தது. வளர்ந்தவனின் விசுவாசத்துக்கு விலை உண்டு. அந்த விலையை அவன் மட்டும் கொடுப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர்களும் கொடுக்கிறார்கள். இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால்தான் அது பெரியவர்களுக்கு ஏற்ற பாடம்.

அருளானந்தருக்கு நூற்று நாற்பது வருஷங்களுக்கு முன்பே, மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையில் இன்னொரு இளைஞர் உயிரைக் கொடுத்தார். அந்தோணி கிரிமினாலி. இத்தாலிக்காரர். 1549-ல் அவருக்கு வயது இருபத்தொன்பது. ராமேசுவரம் போகும் இந்து யாத்திரிகர்களிடம் போர்ச்சுகீசியப் படைத்தலைவன் வரி பிடுங்கினான். அந்த அநியாயத்தால் வடுகர் படை வந்தது. போர்ச்சுகீசியர் படகுக்கு ஓடினார்கள். கிரிமினாலி பெண்களையும் குழந்தைகளையும் படகில் ஏற்றினார். தானும் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. கரையிலேயே குத்துப்பட்டு இறந்தார். வரி பிடுங்கியவனும் கிறிஸ்தவன்தான்! கரையில் நின்றவரும் கிறிஸ்தவர்தான்!

இன்றைய சோதனை

இன்று பதினெட்டு வயதுப் பையனை யாரும் வாளால் வெட்டப் போவதில்லை. அவனுக்கு வரும் சோதனை வேறு.

ராத்திரி ஒருவன் வருகிறான். "தம்பி, ஒரு நடை போய் வா. கை நிறையப் பணம்" என்கிறான். என்ன சரக்கு? கடல் அட்டை. 2001 முதல் கடல் அட்டை பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். ஆனாலும் திருட்டுத்தனமாகப் போய்க் கொண்டுதான் இருக்கிறது. வீட்டில் கடன். தங்கைக்குக் கலியாண வயது. பையன் என்ன செய்வான்? சின்ன வயதில் மனப்பாடம் செய்த பத்துக் கட்டளை அப்போது நினைவுக்கு வருமா? வந்தாலும், கட்டளை ஒப்பிப்பது வேறு. வாசலில் நிற்பவனிடம் "வேண்டாம் அண்ணே" என்று சொல்வது வேறு.

இன்னொன்று. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஒருவர் வலையை மற்றவர் அறுக்காமல் பிழைக்க வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு. அதை மீறி, நாட்டுப்படகுக்காரன் போட்ட வலை மேல் விசைப்படகு ஏறினால், ஒரு ஏழைக் குடும்பத்தின் முதல் போய் விடும். படகைத் திருப்பு என்று சொல்லும் அதிகாரம் கூலிக்குப் போகும் பையனுக்கு உண்டா? கிடையாது. அது சம்மாட்டி கையில் இருக்கிறது. ஆகவே "வாலிபர்களிடம் விசுவாசம் இல்லை" என்று கோயிலில் பிரசங்கம் நடக்கும்போது, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் சம்மாட்டியும் கொஞ்சம் காது கொடுக்கலாம். பையன் பெரியவர்களைப் பார்த்துத்தான் பெரியவன் ஆகிறான். திருநாளுக்குத் தேர் அலங்காரம் செய்கிறவர் கூலிக்காரன் பங்கைக் குறைத்தால், பையன் அதிலிருந்து என்ன படிப்பான்?

1542-ல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். ஜெபங்களைத் தமிழில் ஒப்பிக்கச் சொல்லிக் கொடுத்தார். எழுத்து வாசனை இல்லாத காலம். அவர் ஒருவர், ஊர்களோ பல. வேறு வழி இல்லை. இன்று பையன் பள்ளி இறுதி வரை படித்திருக்கிறான். ஒப்பிப்பது அவனுக்குப் போதாது. அவன் கேள்வி கேட்கிறான்.

தனுஷ்கோடிக்கு அவனை அழைத்துப் போனால் முதல் கேள்வி அங்கேயே பிறக்கும். 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு வந்த புயல் ஊரையே அழித்தது. கூரை இல்லாத கோயில் சுவர் நெடுங்காலமாக மணலில் நின்றது. "கோயிலையே கடவுள் காப்பாற்றவில்லையே?" என்று பையன் கேட்பான். "அப்படிக் கேட்காதே, பாவம்!" என்று வாயை அடைத்தால் அவன் அத்தோடு கேட்பதை நிறுத்தி விடுவான். கோயிலுக்கு வருவதையும் நிறுத்தி விடுவான். "எனக்கும் தெரியலைடா. உங்க தாத்தா இந்தக் கேள்வியை வச்சுக்கிட்டேதான் மறுபடி கடலுக்குப் போனார்" என்று தகப்பன் சொன்னால், அவன் பக்கத்தில் உட்காருவான்.

தகப்பன்மார் இப்படிப் பேசுவதில்லை. ஜெபம் பெண்கள் காரியம் என்று விட்டு விடுகிறார்கள். படகு எல்லை தாண்டிப் பிடிபட்டு, மகன் இலங்கைச் சிறையில் இருக்கும்போதுதான், ராத்திரியில் தனியாக அந்தோணியார் படத்தின் முன் நிற்கிறார்கள். அப்போது நிற்பதை மகன் பார்ப்பதில்லை. அவன் வீட்டில் இருக்கும்போதே ஒரு நாள் நின்றால் என்ன?

ஓரியூரில் அருளானந்தர் ரத்தம் சிந்திய இடத்து மண் சிவப்பாக இருக்கும். தாய்மார் அதைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்து பிள்ளைகள் நெற்றியில் பூசுகிறார்கள். நல்ல வழக்கம்தான். அடுத்த பிப்ரவரியில் வளர்ந்த மகனையும் கூட்டிக் கொண்டு போகிறவர்கள், மண்ணைக் கொடுப்பதோடு லிஸ்பனில் மகனைத் தடுத்த அந்தத் தாயின் கதையையும், அரண்மனையில் அழுத அந்த இளைய மனைவியின் கதையையும் சொல்லலாம். திருவாடானை வழியாகப் பஸ்ஸில் ராமேசுவரம் திரும்புவதற்குள் பேசி முடிக்க நேரம் இருக்கிறது.