வண்டலையும் மணலையும் விற்று முதல் இழக்கலாமா?

திருச்சி மலைக்கோட்டைக்கும் ஸ்ரீரங்கத்து வாழைத் தோட்டத்துக்கும் தொடர்பு உண்டு என்றால் பலர் நம்ப மாட்டார்கள். பாறை சிதைந்துதான் மண்ணாகிறது. அந்த மண் படிந்துதான் வயலாகிறது. இதை விவசாயிகள் நன்கு உணர்ந்தால், ஆற்று மணலையும் வயலின் மேல்மண்ணையும் லாரியில் ஏற்றி அனுப்புவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது விளங்கும்.

பாறை மண்ணாகும் விதம்

மலைக்கோட்டைப் பாறையின் வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். திருவெறும்பூர்க் குன்றும் குளித்தலை அருகிலுள்ள ஐயர்மலையும் இதைப் போன்றவையே. இவை தரையிலிருந்து முளைத்து எழுந்தவை அல்ல. ஒரு காலத்தில் சுற்றிலும் பாறையே இருந்தது. விரிசல் மிகுந்த பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து அடித்துச் செல்லப்பட்டன. விரிசல் குறைந்த கெட்டிப் பாறை மட்டும் குன்றாக நின்றுவிட்டது.

பகல் வெயிலில் பாறை விரிகிறது, இரவில் சுருங்குகிறது. நாளடைவில் வெங்காயத் தோல் போல ஏடு ஏடாகக் கழல்கிறது. விரிசலில் புகும் மழைநீரும் மர வேரும் அதை மேலும் உடைக்கின்றன. பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் என்னும் தாது நீர் பட்டு மெல்ல மெல்லக் களிமண்ணாகிறது. பயிருக்கு வேண்டிய சாம்பல் சத்தும் அப்போது வெளிப்படுகிறது. வெங்கச்சங்கல் எளிதில் சிதையாது. அதுவே மணலாக மிஞ்சுகிறது. ஆகவே களியும் மணலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஓர் அங்குல மேல்மண் உண்டாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும்.

ஆறு கட்டிய தீவு

மழை அரித்த மண்ணைக் காவிரி சுமந்து வருகிறது. குடகு மலையிலிருந்து வேகமாக இறங்கும் ஆறு, சமவெளிக்கு வந்ததும் வேகம் குறைந்து சுமையை இறக்குகிறது. முதலில் கூழாங்கல், அடுத்து மணல், கடைசியில் வண்டலும் களியும் படிகின்றன. முக்கொம்பில் காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் பிரியும் ஆறு, நடுவில் இவ்வாறு படியவைத்த நிலமே ஸ்ரீரங்கம் தீவு. அங்கே வாழையும் நெல்லும் செழிப்பது இந்த வண்டலால்தான்.

படிவு அளவுக்கு மிஞ்சினாலும் தொல்லை உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டு, நீர் தாழ்வான கொள்ளிடத்துக்கே ஓடியது. தஞ்சை நஞ்சைகள் நீரின்றித் தவித்தன. அதைச் சரி செய்யவே 1830-களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார்.

வரவு குறைந்தது

1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. பாசனத்துக்கு அது பெரிய வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மேலிருந்து வரும் வண்டலில் பெரும் பகுதி அணையிலேயே தங்கிவிடுகிறது. கண்ணம்பாடி, கபினி, பவானிசாகர், அமராவதி அணைகளிலும் இதே கதைதான். திருச்சிக்கு வரும் வண்டல் அடியோடு நின்றுவிடவில்லை என்றாலும், பழைய வரவு இல்லை. வண்டலை அணையில் விட்டுவிட்டு வரும் தெளிந்த வெள்ளம், ஆற்றின் அடியையும் கரையையும் அரிக்கிறது.

இந்த நிலையில்தான் காவிரியிலும் கொள்ளிடத்திலும் பல ஆண்டுகள் மணல் அள்ளப்பட்டது. ஆற்று மணல் தண்ணீரைச் சேமித்து வைக்கும் களஞ்சியம். கம்பரசம்பேட்டையில் காவிரிப் படுகையில் அமைத்த கிணறுகளிலிருந்து திருச்சி நகரத்துக்குக் குடிநீர் போகிறது. கரையோர பம்பு செட்டுகளுக்கும் ஊற்று அந்த மணல்தான். ஆற்றின் அடி தாழ்ந்தால் கிணற்று நீரும் தாழும்.

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிட மதகுகள் 9 இடிந்து வெள்ளத்தில் போயின. கட்டுமானம் பழசு என்பது உண்மையே. மணல் அள்ளியதையும் விவசாயிகள் காரணமாகச் சுட்டிக் காட்டினார்கள். அதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

வீடு கட்ட மணல் வேண்டாமா என்று கேட்பது நியாயமே. பாறையை அரைத்து எடுக்கும் எம்-சாண்ட் இருக்கிறது. அதற்காகக் குன்றுகளைக் கண்டபடி உடைக்கவும் கூடாது. அணைகளில் தேங்கிய படிவை எடுத்தால் அணையின் கொள்ளளவும் கூடும். ஆற்றில் கை வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும்.

விவசாயிகள் செய்ய வேண்டியது

அரசைக் குறை கூறும்போது நம் வயலையும் பார்க்க வேண்டும். செங்கல் சூளைக்கு ஓர் அடி ஆழம் மேல்மண்ணை விற்பவர்கள் உண்டு. அந்தப் பணம் ஒரு வருடத்தில் கரைந்துவிடும். போன மண்ணை முன்பு ஆற்று வெள்ளம் ஓரளவு ஈடு செய்திருக்கலாம். இனி அதை எதிர்பார்க்க முடியாது.

மணப்பாறை, துறையூர்ப் பகுதி மானாவாரி விவசாயிகள் சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும். வரப்பை உயர்த்தி, அதில் வெட்டிவேர் நட்டால் மழையில் மண் ஓடாது.

ஏரி, குளங்களில் தேங்கிய வண்டலை விவசாயத்துக்கு இலவசமாக எடுக்க அரசு அனுமதிக்கிறது. நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டரும், புஞ்சை ஏக்கருக்கு 90 கன மீட்டரும் எடுக்கலாம். 2024-ல் விதி தளர்த்தப்பட்டு, வட்டாட்சியரே அனுமதி வழங்க வழி செய்யப்பட்டது. மண்ணைப் பரிசோதித்து, மணற்பாங்கான நிலத்துக்குக் கோடையில் வண்டல் அடிப்பது நல்லது. வயலும் வளமாகும், ஏரியும் ஆழமாகும்.

மே 1 கிராம சபைக் கூட்டத்தில் எந்த ஏரியில் வண்டல் எடுப்பது என்று விவசாயிகள் ஒன்றுகூடி முடிவு செய்யட்டும். ஆற்றில் மணல் குவாரி வேண்டாம் என்றும் அதே கூட்டத்தில் தீர்மானம் போடட்டும்.