நீமோ வருவதற்கு முன்... தண்ணீர் தயாரா?

கண்ணாடித் தொட்டி வந்துவிட்டது. உப்பு கரைத்து, கற்களை அடுக்கி, விளக்கும் போட்டாயிற்று. 'நீமோ எப்போ வரும்?' என்று வீட்டுச் சுட்டி தினமும் நச்சரிக்கிறது. தண்ணீரும் பளிங்குபோலத்தான் இருக்கிறது. ஆனால், அன்றைக்கே மீனை விட்டால் சில நாள்களில் அது செத்து மிதக்க வாய்ப்பு அதிகம். காரணம், கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா.

அதென்ன சைக்கிளிங்?

மீனின் கழிவும் மிச்ச உணவும் அம்மோனியாவாக மாறும். மீனுக்கு அது விஷம். கடல்நீரின் பிஹெச் அதிகம் என்பதால் விஷத்தின் வேகமும் அதிகம். ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தானதல்ல. தண்ணீர் மாற்றினாலே குறைந்துவிடும். இந்த பாக்டீரியாக்கள் கற்களிலும் மணலிலும் ஃபில்டரிலும் குடியேறிப் பெருக, பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுதான் சைக்கிளிங்.

மீன் இல்லாமலே இதைச் செய்வது நல்லது. மீன்தொட்டிக்கென விற்கப்படும் அம்மோனியா கரைசலை 2 பிபிஎம் அளவுக்குச் சேர்த்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை டெஸ்ட் கிட்டில் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.

அம்மோனியா இறங்கவே இல்லையா?

குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கரைப்பதே நல்லது. அம்மோனியா 5 பிபிஎம்மைத் தாண்டினாலும் பாக்டீரியா திணறும். பாதித் தண்ணீரை மாற்றிவிடலாம். இந்த பாக்டீரியாக்கள் வேலை செய்யும்போது தண்ணீரின் காரத்தன்மையும் கரையும். பிஹெச் 8.1 - 8.4, காரத்தன்மை 8 - 12 டிகேஹெச் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

உப்பு ஏறிக்கொண்டே போகிறதா?

லிட்டருக்குச் சுமார் 35 கிராம் என்பதே கடலின் அளவு. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த அளவை ஈடுகட்ட உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றுவது பலரும் செய்யும் தவறு.

நைட்ரைட் உச்சியிலேயே நிற்கிறதா?

பயம் வேண்டாம். இரண்டாம் வகை பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும். நைட்ரைட் இருக்கும்வரை, நைட்ரேட் கிட் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். நைட்ரைட் சைபரான பிறகே நைட்ரேட் கணக்கை நம்பலாம்.

எல்லாமே சைபரா?

உடனே சந்தோஷப்பட வேண்டாம். நைட்ரேட்டும் சைபர் என்றால், சைக்கிள் இன்னும் தொடங்கவே இல்லாமல் இருக்கலாம். கிட்டின் காலாவதி தேதியையும் பார்த்துவிடுங்கள்.

கற்களில் பழுப்புப் படலமா?

அது டயாட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டிகளில் சகஜம். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மறையும். பதறிப்போய் கற்களையும் ஃபில்டரையும் குழாயடியில் கழுவினால் பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும்.

அவசரத்தில் மீனை விட்டாச்சா?

தீனியைக் குறையுங்கள். அதே உப்பளவு, அதே வெப்பநிலையில் தயாரித்த நீரால் கால்வாசி முதல் பாதிவரை தண்ணீரை மாற்றுங்கள். அம்மோனியா இறங்கும்வரை தினமும் சோதியுங்கள்.

எப்போது ரெடி?

2 பிபிஎம் அம்மோனியா சேர்த்த 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சைபராகி, நைட்ரேட் ஏறியிருந்தால் தொட்டி தயார். ஒருமுறை நிறைய தண்ணீரை மாற்றிவிட்டு, ஒன்றிரண்டு மீன்களோடு தொடங்கலாம். கடையில் பண்ணையில் பிறந்த கோமாளி மீனாகக் கேட்டு வாங்குவது நல்லது. பவளப்பாறையிலிருந்து ஒரு மீன் குறையாது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 வருடங்களுக்கு மேலும் வாழக்கூடிய உயிர் அது. அதற்காக ஆறு வாரம் காத்திருக்கலாமே!