கால் ஓடும்வரைதான் கல்லூரியா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில், காரைக்கால்மேட்டுக் கடற்கரை மணலில் ஆடுகிற பிள்ளைகளுக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். பேசுகிறவர் ஏதாவது ஒரு கல்லூரியின் பிசிகல் டைரக்டராக இருப்பார். இல்லையென்றால் அங்கே ஏற்கெனவே சேர்ந்துவிட்ட சீனியர் அண்ணன். "தம்பி, உன் ரெய்டைப் பார்த்தோம். நம்ம காலேஜுக்கு வந்துடு. ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் ஃப்ரீ, மூணு வேளைச் சாப்பாடு. நீ கபடி மட்டும் ஆடினா போதும்."

மேற்கே வயலோரச் சேரிப் பிள்ளைக்கும் கிழக்கே கடலோரக் குப்பத்துப் பிள்ளைக்கும் இந்தப் போன் ஒரே மாதிரிதான் வருகிறது. பெரும்பாலும் அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதிக்கப் போகிறவர்கள். மறுநாளே பஸ் ஏறிவிடுகிறார்கள். "இதை எழுதித் தருவீங்களா சார்?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்களோடு ஆடிய ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறோம். அவன் பெயரும் வேண்டாம், கல்லூரியின் பெயரும் வேண்டாம். இரண்டாம் ஆண்டு டோர்னமென்ட்டில் முழங்கால் சவ்வு கிழிந்தது. ஆபரேஷன் செலவுக்கு வீட்டில் கடன் வாங்கினார்கள். மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் அலுவலகத்தில் கூப்பிட்டு ஃபீஸ் கட்டச் சொன்னார்கள். "ஃப்ரீ சீட்னு சொன்னீங்களே சார்?" என்று கேட்டான். "எந்தப் பேப்பர்ல எழுதியிருக்கு?" என்றார்கள். எந்தப் பேப்பரிலும் எழுதியிருக்கவில்லை. டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் வாங்கவே நான்கு மாதம் அலைந்தான்.

இதைவிடக் கொதிக்க வைத்த விஷயம் பிறகுதான் தெரிந்தது. முதல் ஆண்டில் அவன் வங்கிக் கணக்குக்கு அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வந்திருக்கிறது. வந்த அன்றே அதைக் கல்லூரிக் கணக்குக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். பட்டியல் சாதி மாணவனுக்குச் சட்டப்படி வந்த கல்விக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, அதையே "ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இலவசம்" என்று அவனுக்குத் தானம் செய்திருக்கிறார்கள். அவனும் நன்றியோடு காலை உடைத்துக்கொண்டான்.

தோழர்களே, "ஸ்போர்ட்ஸ் கோட்டா" என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். முதலில் பிரித்துப் பார்ப்போம்.

ஒன்று, சேர்க்கை ஒதுக்கீடு. இது இடம் மட்டும்தான் தரும், பணம் தராது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் இருப்பது இந்த வகை. இடம் கிடைத்த பிறகு கட்டணத்துக்கு நீங்கள்தான் வழி தேட வேண்டும்.

இரண்டு, அரசு நேரடியாகத் தரும் பணம். மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் வீரருக்கு ஆண்டுக்கு 6.28 லட்சம் ரூபாய் என்று சொல்வார்கள். அதில் வீரர் கைக்கு வருவது மாதம் 10,000 ரூபாய். மீதி பயிற்சி, உபகரணம், தங்குமிடம், போட்டிச் செலவு என்று போய்விடும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் உதவித்தொகைகளும் இந்த வகைதான். ஏற்கெனவே பதக்கம் வாங்கியவர்களுக்குத்தான் இவை எட்டும். பதக்கம் வரைக்கும் ஓடுவதற்கான ஷூவை யார் வாங்கித் தருவது?

மூன்று, கல்லூரி நிர்வாகம் தானாகத் தரும் கட்டணச் சலுகை. நம் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். எந்தச் சட்டமும் தொடாத வாசலும் இதுதான். எவ்வளவு தள்ளுபடி, எத்தனை ஆண்டு, காயம் பட்டால் என்ன, அரியர் விழுந்தால் என்ன என்று எதுவும் பொதுவில் இல்லை. எல்லாம் நிர்வாகத்தின் மனசு.

காரைக்கால் பிள்ளைக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், வடக்கே பூவத்தைத் தாண்டினால் தரங்கம்பாடி. கடல் ஒன்று, மணல் ஒன்று, ஆட்டம் ஒன்று. ஆனால் தமிழ்நாட்டு வீரர்களுக்கான திட்டங்கள் நமக்குக் கிடையாது. நம் தலைநகரோ 130 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. புதுச்சேரியின் பட்டியல் சாதிகள் 1964ஆம் ஆண்டு ஆணையின்படி தனிப் பட்டியல். அதனால் இங்கே பட்டியல் சாதியாக இருக்கும் மாணவி தமிழ்நாட்டுக் கல்லூரிக்குப் போனால் அந்த மாநிலத்தின் இடஒதுக்கீட்டில் வரமாட்டாள். அங்கே அவளுக்கு மிஞ்சுவது அந்த மூன்றாவது வாசல் மட்டும்தான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வெளிமாநிலத்தில் படித்தாலும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைச் சொந்த மாநிலமோ யூனியன் பிரதேசமோதான் வழங்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் அது உங்கள் உரிமை. எல்லை தாண்டியதால் அது செத்துப்போவதில்லை.

"திறமைக்குத் தருகிறோம், இதில் சாதி எங்கே வந்தது?" என்று கேட்பார்கள். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜனின் வாழ்க்கையைப் பாருங்கள். செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள். தாத்தா ஓடக் கற்றுக்கொடுத்தார். ஓட்டத்தைப் பார்த்து ஒரு பள்ளி கூப்பிட்டு, கட்டணமும் சீருடையும் சாப்பாடும் தந்தது. பிறகு ஓட்டத்தால் புதுக்கோட்டையில் கல்லூரி இடம், அடுத்து சென்னை. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அதுவரை "எங்கள் பொண்ணு" என்று தோளில் தூக்கியவர்களில் எத்தனை பேர் அவருக்காக வழக்குப் பேசினார்கள்? 2012இல் அவர் மறுபடியும் செங்கல் சூளையில் நின்றது செய்தியானது. பயிற்சியாளர் பட்டயம் படித்து, போராடி, அரசுப் பயிற்சியாளர் வேலைக்கு வந்தது அவருடைய சொந்த உறுதி. ஓடுகிறவரை தாங்கிய கைகள் ஓட்டம் நின்றதும் விலகிக்கொண்டன. விழுந்தால் தாங்க நிலமோ, சேமிப்போ, செல்வாக்குள்ள மாமாவோ இல்லாதவர்கள் யார்? சாதி வருகிற இடம் இதுதான்.

நல்லவர்கள் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. மதுரை ரேவதி வீரமணி பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். வெறுங்காலோடு ஓடியவரைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டெடுத்து, லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்கப் பாடுபட்டார். அவர் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் வரை ஓடினார். அப்படி ஒரு பயிற்சியாளரை நாம் வணங்கலாம். ஆனால் ஆயிரம் பிள்ளைகளின் படிப்பை, நல்ல மனிதர் ஒருவர் கண்ணில் படுவதை நம்பி விட முடியுமா? பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் ஆபத்து. சீட்டும் சாப்பாடும் டீம் செலக்‌ஷனும் ஒரே ஆளின் வாயில் இருந்தால், அந்த ஆள் தப்பானவராக இருக்கும்போது அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

அமெரிக்காவைக் காட்டி, "அங்கே பாருங்கள், விளையாடினால் முழு ஸ்காலர்ஷிப்" என்று சிலர் பேசுவார்கள். அங்கே நடந்ததையும் முழுசாகத் தெரிந்துகொள்வோம். "மாணவ விளையாட்டு வீரர்" என்ற சொல்லையே 1950களில் அங்குள்ள கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. பரப்பியது. ஆடும்போது காயம் பட்டவர்களும் செத்தவர்களின் குடும்பங்களும் தொழிலாளர் இழப்பீடு கேட்டுவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். 1973இல் உதவித்தொகையை ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கும் ஒன்றாக மாற்றினார்கள். கூடைப்பந்திலும் அமெரிக்கக் கால்பந்திலும் பெருமளவு கறுப்பின மாணவர்களின் உடலில் கோடிகள் ஓடின. வழக்குகளும் போராட்டங்களும் நடந்த பிறகுதான், 2015இல் ஐந்து பெரிய லீக்குகள் "ஆட்டத்தைக் காரணம் காட்டி உதவித்தொகையை நிறுத்தக் கூடாது" என்று விதி கொண்டுவந்தன. அவ்வளவு பணம் புரளும் இடத்திலேயே எழுத்தில் வாங்க இத்தனை காலம் ஆனது என்றால், இங்கே சும்மா கிடைக்குமா?

நம் வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. 1911இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட் எடுத்தவர் தலித் பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு. அதே பாலுவுக்குப் புனேயில் பெவிலியனுக்கு வெளியே, தூக்கிப்போடும் மண்குவளையில்தான் தேநீர். அவர் கையால் விக்கெட் வேண்டும், அவர் கை பட்ட கோப்பை வேண்டாம். இந்துக்கள் அணியின் தலைமையை அவருக்குக் கடைசிவரை தரவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 1913இல், அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா போனார். அவரும் உதவித்தொகையில்தான் போனார். பரோடா சமஸ்தானம் மாதம் பதினொன்றரை பவுண்ட், மூன்று ஆண்டு, படித்துமுடித்துச் சமஸ்தானத்தில் பணி என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டது. திரும்பி வந்த அவரைப் பரோடாவில் சாதி என்ன பாடுபடுத்தியது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் எவ்வளவு, எத்தனை ஆண்டு, பதிலுக்கு என்ன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1913இல் ஒரு மன்னர் செய்ததை இன்றைய கல்லூரி நிர்வாகத்தால் செய்ய முடியாதா?

"நாங்கள் எங்கள் பணத்தைச் செலவழிக்கிறோம், நிபந்தனை போடக் கூடாதா?" என்று நிர்வாகங்கள் கேட்கும். போடுங்கள். ஆனால் கோப்பை உங்கள் அலமாரியில் நிற்கிறது. சேர்க்கை விளம்பரத்தில் பிள்ளையின் படம் நிற்கிறது. காலையும் மாலையும் பயிற்சி, வாரக்கணக்கில் வெளியூர்ப் போட்டி, அதனால் விடுபட்ட வகுப்பு எல்லாம் அவனுடைய உழைப்பு. உழைப்புக்குத் தருவதைத் தயவு என்று அழைக்க யாருக்கும் உரிமை இல்லை.

நாங்கள் கேட்பது இவை:

1. விளையாட்டுச் சலுகையில் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் தொகை, காலம், நிபந்தனை எழுதிய கடிதம் சேர்க்கை நாளிலேயே கையில் தரப்பட வேண்டும். அது பட்டம் முடியும்வரை செல்ல வேண்டும்.
2. காயம் பட்டால் சலுகை நிற்கக் கூடாது. சிகிச்சைச் செலவும் காப்பீடும் கல்லூரியின் பொறுப்பு.
3. போஸ்ட் மெட்ரிக் தொகையை வாங்கிக்கொண்டு அதை விளையாட்டுச் சலுகையாகக் கணக்குக் காட்டுவது நிற்க வேண்டும்.
4. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் சாதிவாரி எண்ணிக்கையை அரசும் பல்கலைக்கழகங்களும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.
5. காரைக்காலில் ஆடும் பிள்ளை புதுச்சேரிக்கு அலையாமல், இங்கேயே விண்ணப்பிக்கவும் தேர்வுப் போட்டியில் கலந்துகொள்ளவும் வழி வேண்டும்.

இவையெல்லாம் வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. போனில் சொன்னதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது அனுப்பச் சொல்லுங்கள். ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் ஓ.டி. கடிதம் வாங்குங்கள், வருகைப்பதிவு குறைந்தால் உதவித்தொகையிலும் கை வைப்பார்கள். இன்டர்-யுனிவர்சிட்டி சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள், மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் அதற்கு மதிப்பு உண்டு. அரசுக் கல்லூரியிலோ உதவிபெறும் கல்லூரியிலோ படிக்கிறீர்களா? பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: கடந்த ஐந்து ஆண்டில் விளையாட்டுச் சலுகையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள்? 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

இது தலித் பிள்ளைக்கு மட்டுமான கோரிக்கை இல்லை. குப்பத்துப் பிள்ளையும் நம்மோடுதான் அதே மணலில் விழுந்து எழுகிறான். கேள்வியைச் சேர்ந்தே கேட்போம்.

அடுத்த ஜூனிலும் போன் வரும். போகாதே என்று நாங்கள் சொல்லமாட்டோம். போ தம்பி, போம்மா. ஆடு, ஜெயி, படி. ஆனால் பஸ் ஏறுவதற்கு முன்னால் கேள்: "இதை எழுதித் தருவீங்களா சார்?"

ஜெய் பீம்.