பள்ளம் சொல்லும் சேதி

2022இல் பால்வெளி மையத்தின் கருந்துளைப் படம் வந்தபோது ஊரே கொண்டாடியது. ரேடியோ நிறமாலையில் விழும் ஒரு சிறு பள்ளத்தை யார் கொண்டாடுகிறார்கள்? 26,000 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள மையத்தைத் தூசு மறைக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி நம்மை எட்டாது, ரேடியோ அலை எட்டும். வழியிலுள்ள வாயு மேகம் தனக்குரிய அலைநீளத்தை மட்டும் விழுங்கிவிடும்; நிறமாலையில் அந்த இடத்தில் பள்ளம் விழும். ஹைட்ராக்சில் என்ற மூலக்கூறு அப்படி விழுங்குவதை 1964இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி பதிவுசெய்தது. 1969இல் அமெரிக்காவின் கிரீன் பாங்கில், 6 செ.மீ. அலைநீளத்தில், ஃபார்மால்டிஹைடு சிக்கியது. ஆமாம், விலங்கியல் ஆய்வகத்து ஃபார்மலினில் இருக்கும் அதே சரக்கு! பள்ளம் நகர்ந்திருக்கும் அளவு மேகத்தின் வேகத்தைச் சொல்லும். அதைவிட முக்கியம், மேகம் ரேடியோ அலை கிளம்பும் மூலத்துக்கு முன்னால்தான் நிற்கிறது என்பதும் உறுதியாகும். எவ்வளவு அழகான படமானாலும் முன்பின்னை இத்தனை சுளுவாகச் சொல்லிவிடாது.