முதல் கை வெள்ளை
பழைய கொலு பொம்மைகளைப் புதுப்பிப்போர் அடிப்பூச்சைத் தூரிகையால்தான் பூச வேண்டும் என்பேன். நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் பாலக்காட்டுக் கல்பாத்தியிலும் இடுக்கியின் குமுளியிலும் காற்றில் மழையீரம் தங்கியிருக்கும். அதில் ஸ்ப்ரே பிரைமர் அடித்தால் பரப்பு சொரசொரத்துப்போக வாய்ப்பு அதிகம். ஆந்திரத்துக் கொண்டப்பள்ளியில் இலேசான பொனிக்கி மரத்தில் செதுக்கும் பொம்மைக்கும் வர்ணத்துக்கு முன் சுண்ணாம்பு அடிப்பூச்சு உண்டு. பிரைமரை மெல்லிசாக இரண்டு கை பூசுங்கள், முதல் கை நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. கண்ணிமையிலும் விரலிடுக்கிலும் ஒட்டியாணத்தின் முத்துவரிசையிலும் தேங்குவதை உலர்ந்த தூரிகை நுனியால் உடனே ஒற்றி எடுத்துவிடுங்கள். கெட்டியாக அப்பினால் மூக்கும் உதடும் மழுங்கிவிடும். பிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பாட்டி காலத்துக் களிமண் பொம்மை அந்தச் சுரண்டலைத் தாங்காது.