பாயில் ஈரம், பூனைக்கு அடி



வீட்டுக்குள் பூனையும் குட்டிகளும் சலம் கழிப்பதை எப்படி நிறுத்துவது என்று வாசகியர் சிலர் கேட்டிருக்கிறார்கள். தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் ஒரு தாய் இப்படி எழுதுகிறார்: “பூனை நாலு குட்டி போட்டிருக்கு. பாய், பள்ளிக்கூடப் பை, நெல்லுச் சாக்கு எல்லாம் நாறுது. அடிச்சும் பாத்தாச்சு, நிக்கேல்லை. சாக்கிலை கட்டிக்கொண்டுபோய்ச் சந்தையடியிலை விடச் சொல்லி மாமி நிக்கிறா. சின்னவள் அழுகிறாள். நான் என்ன செய்ய?”

இதைச் சின்ன விடயமென்று தள்ளிவிட முடியாது. இரண்டு அறை வீட்டில், படுக்கும் இடமும் நெல் வைக்கும் இடமும் ஒன்றாக இருக்கும்போது அந்த நாற்றத்தோடு சீவிப்பது கஷ்டம். பூனையைக் கலைத்துவிட்டால் எலி பெருகும். எலியைத் தேடிப் பாம்பும் வரும். ஆகவே பூனையை வைத்துக்கொண்டே இதைத் தீர்க்கும் வழியைப் பார்ப்போம்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பூனை எங்களைப் பழிவாங்குவதற்காகப் பாயில் போவதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணத்தைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்துவிடும். பெரும்பாலும் காரணம் நான்கில் ஒன்றுதான்.

பழக்கப்படாத குட்டி

பிறந்து மூன்று கிழமை வரை குட்டி தானாகச் சலம் கழிக்காது. தாய்ப்பூனை நக்கிவிடும்போதுதான் போகும், தாயே அதைச் சுத்தமும் செய்துவிடும். தாயில்லாத குட்டியென்றால் இளஞ்சூட்டு நீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒவ்வொரு முறை பாலூட்டிய பின்னும் மெதுவாகத் துடைத்துவிட வேண்டும்.

நான்காம் கிழமையளவில் குட்டி மண்ணைக் கிளறத் தொடங்கும். பழக்கவேண்டிய காலம் அதுதான். ஒரு பழைய பேசினை எடுங்கள். குட்டி ஏறி இறங்கக்கூடிய பதிவான விளிம்பு இருக்கவேண்டும். பேசின் இல்லாவிட்டால் பிளாஸ்ரிக் கானொன்றை நீளவாட்டில் வெட்டி, வெட்டிய விளிம்பில் துணி சுற்றிக் கட்டலாம். அரித்த உலர்ந்த மணலை இரண்டு அங்குல உயரத்துக்குப் போடுங்கள். மரத்தூளும் போடலாம். கடையில் விற்கும் பூனை மண் தேவையில்லை.

குட்டி நித்திரையால் எழும்பியதும், சாப்பிட்டு முடிந்ததும் தூக்கி அந்த மணலில் விடுங்கள். முன்பு அது சலம் கழித்த இடத்தைத் துடைத்த துணியில் ஒரு துண்டை மணலில் வைத்தால் மணம் பிடித்து விளங்கிக்கொள்ளும். ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில், சாப்பாட்டுத் தட்டுக்குத் தூரமாக வையுங்கள். நன்றாகப் பழகிய பின் பேசினை நாளுக்குக் கொஞ்சமாக வாசல் பக்கம் நகர்த்தி, கடைசியில் வளவுக்குக் கொண்டுபோகலாம்.

வளர்ந்த பூனைகள் பல உள்ள வீட்டில் பூனைக்கு ஒன்றும் மேலதிகமாக ஒன்றும் என்று மணல் பேசின் வைப்பது நல்லது. தாயும் சிறு குட்டிகளும் மட்டுமென்றால் இரண்டு போதும். ஊத்தை மணலில் பூனை போகாது. நாள்தோறும் அள்ளிவிட்டு, கிழமைக்கொருமுறை மணலை மாற்றி, பேசினைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அள்ளியதைக் கிணற்றுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் தூரத்தில் புதைக்கவேண்டும்.

எல்லை குறிக்கும் கடுவன்

நிலத்தில் குந்தியிருந்து குளம்போலப் போனால் அது சாதாரணச் சலம். நின்றபடி வாலை உயர்த்தி நடுக்கி, சுவரிலோ கதவிலோ பின்பக்கமாகப் பீச்சியடித்தால் அது எல்லை குறிப்பது. ஆறு மாதமளவில் கடுவன் இதைத் தொடங்கும். பெட்டைப் பூனைகளிலும் சில செய்வதுண்டு. கடுவனின் சலத்தில் கந்தகம் சேர்ந்த ஒரு பொருள் கூடுதலாக உண்டு. நாற்றம் மூக்கைத் துளைப்பது அதனால்தான்.

இதற்கு மணல் பேசின் போதாது. கருத்தடைச் சத்திரசிகிச்சைதான் வழி. அது செய்த பத்துக் கடுவன்களில் ஏறத்தாழ ஒன்பது இந்தப் பழக்கத்தை விட்டுவிடுகின்றன அல்லது நன்கு குறைத்துக்கொள்கின்றன. சிலவற்றில் உடனே நிற்கும், சிலவற்றில் ஓரிரு மாதம் பிடிக்கும்.

பெட்டைக்கும் செய்வது அவசியம். நான்கைந்து மாதத்திலேயே பெட்டைப் பூனை சினைப்படலாம். ஒன்பது கிழமையில் குட்டி போடும், பால் கொடுக்கும்போதே மறுபடியும் சினைப்படும். குட்டிகளைச் சந்தையடியிலோ கோயிலடியிலோ விட்டால் அவை பசியாலும் நாயாலும் சாகும். வீட்டிலோ அடுத்த ஈற்றுக்கு அதிக நாள் இராது. உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் சத்திரசிகிச்சை பற்றிக் கேளுங்கள். செலவு தனியாகத் தாங்க முடியாவிட்டால் மாதர் சங்கத்தில் பேசி, நாலைந்து வீட்டுக்காரர் சேர்ந்து வைத்தியரைக் கேட்டுப் பாருங்கள்.

நோய்

இதுவரை ஒழுங்காக இருந்த பூனை திடீரென்று கண்ட இடமெல்லாம் துளித்துளியாகப் போனால் அடிக்கக்கூடாது, கவனிக்கவேண்டும். முக்குவது, கத்துவது, இரத்தம் கலந்து போவது, அந்த இடத்தை ஓயாமல் நக்குவது எல்லாம் சலப்பையில் நோயென்பதற்கு அடையாளம். கடுவன் முக்கி முக்கி ஒரு துளியும் போகாமல் இருந்தால் சலப்பாதை அடைபட்டிருக்கலாம். இரண்டு மூன்று நாளில் அது செத்துவிடும். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோகவேண்டும்.

நோவென்று நினைத்துப் பனடோல் கொடுக்கவே வேண்டாம். பூனைக்கு அது நஞ்சு. அரைக் குளிசையே உயிரை எடுக்கும். எந்தக் காலத்திலும் குடிக்கத் தண்ணீர் வைத்திருங்கள். சோற்றோடு மீன் அவித்த தண்ணீரையும் சேர்த்துக் குழைத்து வைத்தால் உடம்பில் நீர் சேரும்.

பயம்

வீடு மாறினாலும், புதுநாய் வந்தாலும், வெளிப்பூனை வந்து அடித்தாலும், திருவிழாவில் வெடி வெடித்தாலும் பூனை பயப்படும். பயந்த பூனை தன் மணமுள்ள அல்லது எங்கள் மணமுள்ள இடத்தைத் தேடும். பாயிலும் உடுப்பிலும் போவது இதனாலும் இருக்கலாம். ஒதுங்கியிருக்க ஒரு காட்போட் பெட்டியும் பழைய சேலைத் துண்டும் கொடுத்து, வழமையான நேரத்தில் சாப்பாடு வைத்தால் மெல்ல மெல்லத் தெளியும்.

சலத்தில் மூக்கைத் தேய்ப்பதும் தும்புத்தடியால் அடிப்பதும் எங்கள் ஊரில் வழக்கம். பூனை அதிலிருந்து படிப்பது ஒன்றுதான்: ஆள் பார்க்கும் இடத்தில் போகக்கூடாது. பிறகு கட்டிலுக்குக் கீழும் நெல்லுச் சாக்குக்குப் பின்னாலும் போகும். அடி கூடக் கூடப் பயம் கூடும், பயம் கூடச் சலமும் கூடும்.

நாற்றத்தைப் போக்குவது

மணம் இருக்கும்வரை பூனை அதே இடத்துக்குத் திரும்ப வரும். ஈரமாக இருக்கும்போதே பழந்துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும். பின்பு சவர்க்காரத் தூள் கரைத்த நீரால் கழுவி, வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து ஊற்றிக் கால் மணித்தியாலம் விட்டுத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்ததும் அப்பச்சோடாவைத் தூவி, மறுநாள் கூட்டி அள்ளுங்கள். பாயையும் தலையணையையும் நல்ல வெயிலில் இரண்டு நாள் போடவேண்டும்.

சாணத்தால் மெழுகிய தரையென்றால் நனைந்த மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்குக் கிண்டி வெளியே கொட்டி, புதுமண் இட்டு மெழுகுங்கள். 2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கிடைத்தது. அந்தக் காசோடு பூச்சு வேலையை முடிக்க இயலாமற்போன வீடுகள் உண்டு. பூசாத கல்லுச் சுவர் சலத்தை உறிஞ்சி வைத்திருந்து மாரி காலத்தில் மறுபடியும் மணக்கும். முழுச் சுவரையும் பூச வழியில்லாவிட்டாலும், பூனை அடிக்கும் உயரமான இரண்டடிக்கு மட்டும் நன்றாகக் கழுவிக் காயவிட்டுச் சீமெந்துப் பால் அடித்தால் பெரிய உதவி.

கழுவிய இடத்தில் பூனையின் சாப்பாட்டுத் தட்டை வையுங்கள். சாப்பிடும் இடத்தைப் பூனை அசுத்தப்படுத்த விரும்பாது.

செய்யக்கூடாதவையும் உண்டு. சலம் உள்ள இடத்தில் பிளீச்சிங் பவுடரோ குளோரின் கலந்த திரவமோ ஊற்றவேண்டாம். இரண்டும் சேர்ந்து நெஞ்சை அடைக்கும் நச்சுவாயு வரும். குளோரினோடு வினாகிரி சேர்வதும் அப்படியே ஆபத்து. தண்ணீரில் விட்டதும் வெண்மையாகும் டெற்றோல் போன்றவையும் பினாயிலும் பூனையின் காலில் ஒட்டி, நக்கும்போது உள்ளே போய் ஈரலைக் கெடுக்கும். மண்ணெண்ணெயும் பூச்சி உருண்டையும் பூனைக்கு மட்டுமல்ல, தவழும் பிள்ளைக்கும் ஆபத்து.

கர்ப்பிணித் தாய்மாருக்கு

பூனையின் மலத்தில் ரொக்சோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கலாம். கர்ப்பகாலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடும். அதற்காகப் பூனையைத் துரத்தத் தேவையில்லை. மலத்தில் வெளிவரும் கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது செல்லும். ஆகவே நாள்தோறும் அள்ளினால் ஆபத்து பெரிதும் குறையும். அந்த வேலையை வேறொருவர் செய்யட்டும். ஆளில்லாவிட்டால் கையில் பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டு செய்து, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தோட்டத்து மண்ணைக் கிண்டும்போதும் அப்படியே. இறைச்சியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும்

பாய் நனைந்திருந்தால் எல்லா வேளையும் பூனைதான் காரணமென்று முடிவு செய்யாதீர்கள். பூனையின் சலம் காரமாக மணக்கும். அந்த மணம் இல்லாமல், பிள்ளை படுத்த இடத்தில் மட்டும் விடியற்காலையில் ஈரமிருந்தால், அது பிள்ளையாக இருக்கலாம். வெட்கத்தில் பிள்ளை பூனையைச் சாட்டும், அல்லது நாங்கள் பூனையை அடிக்கும்போது பேசாமல் நிற்கும். எத்தனை பெரிய பிள்ளைகள் செல்லடிக்குப் பிறகு மறுபடியும் பாயை நனைத்தார்கள் என்பது பங்கருக்குள்ளும் முகாமுக்குள்ளும் பிள்ளை வளர்த்த தாய்மாருக்குத் தெரியும். 2009 இற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கும் பயம் வேறு வழிகளில் வரும். வீட்டில் சண்டை, குடித்துவிட்டு வரும் ஆள், பள்ளிக்கூடத்தில் அடி, தகப்பன் வெளிநாடு போனது, ஒருவர் தப்பாகத் தொட்டது. இதில் எதுவும் இல்லாமல் உடல்வளர்ச்சி பிந்துவதாலும் பல பிள்ளைகளுக்கு இது நடக்கும்.

அப்படியான பிள்ளையை மற்றப் பிள்ளைகள் முன்னால் ஏசாதீர்கள், நனைந்த பாயைக் காட்டி வெட்கப்படுத்தாதீர்கள். பாயைப் பேசாமல் எடுத்துக் காயப்போட்டுவிட்டு, பிறகு ஆறுதலாகத் தனியாக இருந்து கதையுங்கள். ஐந்து வயதுக்கு மேல் தொடர்ந்து இருந்தாலோ, நின்று பல மாதங்களின் பின் திரும்பத் தொடங்கினாலோ வைத்தியசாலையில் காட்டுங்கள். சலத்தில் கிருமித் தொற்றும் நீரிழிவும் உண்டா என்று பார்ப்பார்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: இன்றைக்கே இரண்டு பேசினில் மணல் போடுங்கள். குட்டிகளைப் பழக்கும் பொறுப்பைச் சின்னவளிடம் கொடுங்கள். அள்ளும் வேலை பெரியவர்களுக்கு. குட்டிகள் எட்டுக் கிழமை தாயோடு இருக்கட்டும். அதற்கிடையில் அவற்றை ஏற்கக்கூடிய, நெல் வைத்திருக்கும் வீடுகளை மாமியிடமே கேட்டுப் பாருங்கள். எலித்தொல்லை உள்ள வீடுகள் எவையென்று அவவுக்குத்தான் நன்றாகத் தெரியும். தாய்ப்பூனைக்குப் பால் வற்றியதும் சத்திரசிகிச்சை செய்துவிடுங்கள். தும்புத்தடி முற்றம் கூட்ட மட்டும் இருக்கட்டும்.